மிச்சத்தில் ஒரு கூட்டம்

தெற்கு லண்டனில் இந்த இடத்துக்குப் பெயர் மிச்சம்.
ஆங்கிலத்தில் வேறு பொருள் இருக்கலாம்.
பஸ்ஸின் நெற்றியில் அதை வாசிக்கும்போதெல்லாம்
எனக்கு வகுத்தல் கணக்கில்
கடைசியாகக் கீழே எழுதும் எண்தான்.

பள்ளிக்கூடத்தின் சின்ன அறை.
ஐந்து வயதுக்கு அளவெடுத்த நாற்காலிகளில்
ஆறு பெரியவர்கள், முழங்கால் நெஞ்சில் இடிக்க.
தலைமையாசிரியை, வகுப்பு ஆசிரியர்,
கவுன்சிலில் இருந்து வந்த மிஸ்டர் ஹாலம்.
சிவகௌரி.
இரவு வேலை முடிந்து நேரே வந்த புவிராஜ்,
ஜாக்கெட்டின் முழங்கையில் பேக்கரி மாவு.
ஆறாவது ஆள் நான், மொழிபெயர்ப்பாளர்.
சொன்னதைச் சொல்ல வேண்டும்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
கண்ணால்கூட யோசனை சொல்லக் கூடாது.

மேசையில் வரைவுத் திட்டம், முப்பத்தொரு பக்கம்.
அதற்குள் ஆரூரன்:
ஏழு வயது, சுமார் நாற்பது சொற்கள்,
சத்தத்துக்குக் காதைப் பொத்துவான்.
லிஃப்ட் கதவு திறக்கும் ஒலியை
லிஃப்டே திரும்பிப் பார்க்கும்படி செய்வான் என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.

மிஸ்டர் ஹாலம் வாசித்தார். நான் பின்னால் போனேன்.
“பொருத்தமான சமயங்களில்
பேச்சுப் பயிற்சிக்கான வாய்ப்பு
அவ்வப்போது வழங்கப்படும்.”

வழங்கப்படும்.
கந்தோர்க் கடிதங்களில் நாங்களும் பழகிய கள்ளம்தான்,
படும், படும், படும்.
ஆனால் சிவகௌரி வீட்டுத் தமிழில் கேட்பவள்.
அங்கே ஒரு வினை
ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வாசல் ஏறும்.
தருவாரோ, தருவாளோ, தருவினமோ?

விதிப் புத்தகம் எனக்கு விட்டிருக்கும் ஒரே ஓட்டை:
விளங்காவிட்டால் கேட்கலாம்.
கையை உயர்த்தினேன்.
“மன்னிக்கவும், மொழிபெயர்ப்புக்காக. தரப்போவது யார்?”

ஹீட்டர் கடகடத்தது.
யாரோ ஒரு பக்கத்தைத் தேவையில்லாமல் புரட்டினார்கள்.

“இன்னொன்று. ‘அவ்வப்போது’ என்றால்
வாரத்திலா, மாதத்திலா?
எங்கள் மொழியில் எண் இல்லாமல் சொல்ல முடியாது.”

பொய்.
‘அப்பப்ப’ என்று எவ்வளவு அழகாகச் சொல்லலாம்.
பத்தொன்பது வருடத் தொழிலில்
என் மொழிக்கு வராததாக நான் காட்டிய
முதல் சொல் அது.

சிவகௌரி என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் நான் பிடிபட்டிருப்பேன்.
காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள்,
ஒவ்வொரு வரியாய் விரலை நகர்த்தினாள்,
நான் வாயைத் திறக்கும் முன்
ஆங்கிலத்திலேயே கேட்டாள்:
“ஹூ? ஹவ் மெனி மினிட்ஸ்?”
அடுத்த வரி. ஹூ?
அதற்கடுத்தது. ஹூ?
புவிராஜின் தூக்கம் கலைந்தது.

மிஸ்டர் ஹாலம் கெட்டவர் அல்ல.
அவருக்கும் மேலே ஒரு ‘படும்’ இருக்கிறது.
பேனையை எடுத்தார்.
பேச்சுப் பயிற்சியாளர், வாரம் ஒரு முறை, இருபது நிமிடம்.
நாற்பதுதான் வேண்டும் என்று அறிக்கை சொல்கிறதே?
அதைத் தன்னால் இங்கே எழுத முடியாது என்றார்.
மிச்சத்துக்கு எழுதிக் கேட்கப் பதினைந்து நாள்.
அதற்குப் பிறகும் இல்லையென்றால் தீர்ப்பாயம்.
அந்தச் சொல்லை மட்டும்
அவர் வேகமாகச் சொன்னார்.
நான் மெதுவாகச் சொன்னேன்.
வேகத்தைப் பற்றி விதிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை.

வெளியே நடைவழியில் ஆரூரன்
என் கைப்பையின் ஸிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.
பிறகு அந்த ஒலியைத் திருப்பிச் சொன்னான்.
கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது
கூலிப் படிவத்தை நிரப்பினேன்.
யார்: என் பெயர்.
எவ்வளவு நேரம்: நூற்றுப்பத்து நிமிடம்.
அந்தக் கட்டங்கள் எனக்கு
முதலிலேயே அச்சடித்து இருந்தன.