முப்பது எண்ணும் வரை

சேரம்பாடியில் தை மாதம்
தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிடும்.
குச்சி விட்டுக் குத்தினால்
நுனியில் ஒரு பொட்டு வரும், குச்சி முறியும்.
வெயிலில் வைக்கணும், இல்லை அடுப்போரம்.

இது தெரிந்த நான்தான்
போன வருஷம் எருமாடு மேட்ச்சில்
வேனிலிருந்து இறங்கின கையோடு
கோல் போஸ்டில் காலைத் தூக்கி வைத்து
நெற்றியை முட்டியில் இடித்தேன்,
பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.
ஆறாவது நிமிஷம்
தொடைக்குப் பின்னால் யாரோ கல்லெறிந்த மாதிரி.
திரும்பிப் பார்த்தேன்.
யாரும் இல்லை.

ஏழு வாரம்.
தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர், ஏணி ஏற முடியாது.
நாளெல்லாம் கொழுந்து சுமந்த யோகராணி
சாயங்காலம் என்னையும் தாங்கிக் கக்கூஸுக்குக் கூட்டிப்போனாள்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அது வேறு வலி.

இப்போது முதலில்
மாடு தேடுகிறவன் நடையில் மைதானத்தை இரண்டு சுற்று.
பிறகு காலைத் தொட்டில் மாதிரி ஆட்டுவேன்,
முன்னும் பின்னும், எங்கும் நிறுத்தாமல்.
முழங்கால் நெஞ்சுக்கு, குதிகால் புட்டத்துக்கு.
மூக்கு நுனி வியர்க்கும் வரை பந்தைத் தொடுவதில்லை.
'தவசீலன் அண்ணன் டான்ஸ் ஆடுறாரு டோய்.'
ஆடினால் என்ன.

பிடித்து நீட்டி நிறுத்துவதெல்லாம்
கடைசி விசிலுக்கு அப்புறம்.
அதுதான் கஷ்டம்.
ஜெயித்தால் எல்லாரும் பரோட்டாவுக்கு ஓடுவார்கள்,
தோற்றால் வேனுக்கு.

நேற்று அம்பலவயலில் மூன்று பூஜ்யம்.
மூன்றும் என்னைத் தாண்டிப் போனவை.
ஈரப் புல்லில் தனியாக உட்கார்ந்து
கட்டைவிரலை எட்டிக்கொண்டிருந்தேன்.
எதிரே வந்து உட்கார்ந்தான்
அந்த மூன்றையும் அடித்த சிஜின்.
கேட்காமலே உள்ளங்காலை என் உள்ளங்காலில் வைத்தான்.
கையைக் கொடுத்தேன்.
இழுத்தான், மெதுவாக,
வலி தொடங்க ஒரு விரற்கடை இருக்கும்போது நிறுத்தி
மூச்சை விடச் சொன்னான்.
எண்ணினோம். ஒன்னு, ரெண்டு, மூனு.
அவன் பாஷையில் அவன், என் பாஷையில் நான்.
ஒன்பதில் மட்டும் கொஞ்சம் இடறியது.

முப்பதுக்கு அப்புறம் அவன் முறை.
இருபத்தொரு வயசுத் தொடை,
உள்ளே ஒரு முறுக்கும் இல்லை.
இன்னும் ஒரு சாண் இழுத்திருக்கலாம்,
கோலுக்கு ஒன்றாக மூன்று வெட்டு வெட்டியிருக்கலாம்.
நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

வேன்காரன் ஹார்ன் அடித்தான்.
இன்னும் இடது கால் பாக்கி.