மைனஸ் பதினெட்டில் மிளகாய்

சாஸ்கட்டூனில் மார்ச் மாதத்தை வசந்தம் என்று
நாள்காட்டியில் போட்டிருக்கிறார்கள்.
நாள்காட்டி வீட்டுக்குள் தொங்குகிறது, அதற்கென்ன.

வெளியே பால்கனியில்
குரங்குக்குல்லாய், முழங்கால்வரை கோட்டு,
அதன்மேல் பூங்கோதையின் பூப்போட்ட ஏப்ரன் சகிதம்
நான் கிரில்லைப் பற்றவைக்கிறேன்.
இன்று டாக்கோ. நானே செய்கிறேன்,
யாரும் சமையலறைப் பக்கம் வரவேண்டாம்
என்று காலையிலேயே அறிவித்தாயிற்று.

"கூடவே சால்சாவா? இந்த வயசுல உங்களுக்கு ஆட வருமா?"
தொட்டுக்கொள்வது, என்றேன்.
"என்ன போடுவீங்க?"
தக்காளி, வெங்காயம், பூண்டு, மிளகாய், கொத்தமல்லி, உப்பு.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"இதையே நான் இட்லிக்கு வச்சா
தினமும் தக்காளிச் சட்னியான்னு முகம் சுளிப்பீங்க."

எலுமிச்சை பிழியணும், அது வேறு.
தக்காளியைத் தோல் கருகச் சுடணும், அதுவும் வேறு.
முக்கியமாக, தாளிக்கக் கூடாது.
"தாளிக்காமலா?"
ஏதோ இழவுச் செய்தி கேட்டவள்போல்
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் ஹபனேரோ ஆறு எடுத்திருந்தேன்.
கல்லாப் பையன் தயங்கி, "ஐயா, ஒன்று போதுமே" என்றான்.
தம்பி, நான் சாத்தூர்.
எங்கள் ஊர்க் காராச்சேவைத் தின்றுவிட்டு வந்து பேசு.
இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்ல வராமல்
"ஐ நோ சில்லி" என்றேன்.
"ஆமாம் ஐயா, ரொம்பச் சில்லிதான்"
என்று அவன் கண்ணாடிக்கு வெளியே
பனியைப் பார்த்தான்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது.
ஹபனேரோ கடுகைவிடப் பெரியது
என்பதை யோசித்திருக்கலாம்.
"கையுறை போட்டு அரியுங்க."
கையுறை பனிக்கு, மிளகாய்க்கு இல்லை, என்றேன்.
(இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.)

ரொட்டிகளைக் கம்பிமேல் பரப்பினேன்.
ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது.
கண் கலங்கியது.
துடைத்தேன்.

துடைத்திருக்கக் கூடாது.
ஊரெல்லாம் மைனஸ் பதினெட்டு,
என் இடது கண்ணில் மட்டும் கத்திரி வெயில்.
கைப்பிடிச் சுவரில் குவிந்திருந்த பனிக்குள்
காதுவரை முகம் புதைத்து
அம்மா என்றேன். அம்மம்மா என்றேன்.
பக்கத்துப் பால்கனி கென்னத்
சிகரெட்டை அணைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:
"இது உங்கள் பண்டிகையா?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இதற்குள் பத்துச் சோள ரொட்டியும்
அப்பளமாகி, அப்பளம் அடுத்த நிலைக்குப் போய்விட்டது.
கோழி மட்டும் எப்படியோ தப்பித்தது,
செத்த பிறகு தப்பித்த கோழி.
"அப்பா, மடிச்சா டாக்கோ உடையுது"
என்றாள் நிறைமதி.
மடிக்காதே, அப்படியே கும்பிடு, என்றேன்.

பூங்கோதை ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசாததுதான் காரமாக இருந்தது.
தோசைக்கல் ஏறியது. எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை.
கருகிய பக்கத்தைச் சுரண்டிப் பிய்த்துப் போட்டாள்,
கோழியைப் போட்டாள், நாலு முட்டை உடைத்தாள்,
என் சால்சாவை, ஆறு ஹபனேரோ பெருமையை,
ஒரே ஒரு கரண்டி அளந்து ஊற்றினாள்.
இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்
கொத்து, கொத்து, கொத்தென்று கொத்தினாள்.
இரவு பதினொரு மணி மதுரை பஸ் நிலையம்
எங்கள் அடுப்படிக்குள் வந்து நின்றது.

மூன்று பேரும் மூக்குறிஞ்சிக்கொண்டே தின்றோம்.
ஒரு கிண்ணம் பால்கனி தாண்டிப் போனது.
கழுவித் திரும்பி வந்தது, கூடவே
ஒரு டப்பா ஐஸ்கிரீமும்.
அது அவருக்கே அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

சோப்பு, பால், நல்லெண்ணெய், மறுபடி சோப்பு.
விரல் சுத்தம் என்று நம்பித்தான் தூங்கினேன்.
நகக்கண்ணுக்கு யார் சொல்வது?
காலையில் காண்டாக்ட் லென்ஸை ஆள்காட்டி விரலில் ஏந்தி
வலது கண்ணில் வைத்தேன்.

அம்மா!

சுவருக்கு அப்பாலிருந்து கென்னத்தின் குரல்,
பக்தியோடு:
"இன்றைக்கு இரண்டாம் நாளா?"