ஐந்தாவது ஜன்னல்

அப்பா, அம்மா, சித்தப்பா, மூன்று வயதில் அக்கா.
எண்பத்தொன்று மாசி மகம், தேவனாம்பட்டினம்.
பின்னால் கடல் இருந்திருக்கிறது. படத்தில் இல்லை.
படத்தில் இருப்பது பிளைவுட் விமானம்.
வாலில் ‘ஏர் இந்தி’ என்று எழுத்து.
‘யா’ வருவதற்குள் பலகை தீர்ந்துவிட்டது.

நான்கு ஜன்னலில் நாங்கள்
(நான் பிறக்கவில்லை, இருந்தாலும் நாங்கள்).
ஐந்தாவதில் ஒருவர்.
தாடைவரை கிருதா, தோளைத் தொடும் காலர்,
கறுப்புக் கண்ணாடியில் ஃபிளாஷ் வெள்ளைப் பொட்டாக.

‘யாரும்மா இது?’
‘உங்கப்பா வழியில யாராச்சும் இருக்கும்.’
‘கூட்டத்துல எவனோ ஏறிட்டான்’ என்பார் அப்பா.
பத்து வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

பெண் பார்க்க முத்தியால்பேட்டை போனோம்.
மிக்சர் வந்தது, பிறகு ஆல்பம் வந்தது.
அதே வால், அதே ‘இந்தி’.
நான்கு ஜன்னலில் அவர்கள் வீட்டார்,
நாலாவதில் ஒரு குழந்தையின் உச்சந்தலை மட்டும்.
ஐந்தாவதில் அதே கிருதா.
‘எங்க பெரியப்பா, சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப எடுத்தது’
என்றார் பெண்ணின் அப்பா.
நான் அம்மாவைப் பார்த்தேன்.
அம்மா மிக்சரில் கடலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
ஜாதகம் பொருந்தவில்லை என்று பிற்பாடு சொல்லியனுப்பினார்கள்,
இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பெரியப்பா இருந்தும்.

இப்போது திருப்பாப்புலியூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்,
ஃபிளெக்ஸ் கடையில் எனக்கு டிசைன் வேலை.
மஞ்சள் நீராட்டுக்கு ரோஸ் கலர், தலைவர் வருகைக்குச் சிறுத்தை,
கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு ஜோடிப் புறா.
சாவு மட்டும் எப்போதும் அவசர ஆர்டர்.

போன செவ்வாய் மதியம் ஒரு அம்மா,
துணிக்கடைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.
விமானம்.
‘இந்தக் கடைசி ஆளு எங்கப்பா. அஞ்சாப்புலி.
மத்த நாலு பேரு யாருன்னு தெரியாது தம்பி,
காசு கட்டிட்டு வாங்க வராதவங்க.
வேற போட்டோ இல்ல.’

கெடிலம் ஸ்டுடியோவில் விளக்கு பிடிக்கிற வேலையாம்.
திருவிழாவுக்குத் திருவிழா பலகையைத் தோளில் சுமந்து போவாராம்.
ஆள் குறைந்தால் ஓட்டை வழியே
காயப்போட்ட வலை தெரியும்.
முதலாளி கத்துவார்: ‘ஏறுடா புலி!’
சட்டை ஸ்டுடியோவுடையது. கண்ணாடியும்.
பொண்ணு கல்யாணத்தன்றைக்குக்கூட
விளக்குக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

‘கண்ணாடிய எடுத்துற முடியுமா தம்பி, கம்ப்யூட்டர்ல?’

பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன்.
கறுப்புக் கட்டம், பக்கத்தில் கறுப்புக் கட்டம்.
ஒரு கட்டத்தில் ஃபிளாஷ்.
அதற்குப் பின்னால் என்ன இருந்ததென்று
கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?
‘உங்க கண்ணு அவரு மாதிரியா?’
‘எனக்கு எங்கம்மா கண்ணுன்னுதான் சொல்லுவாங்க.’
‘அப்ப இருக்கட்டும்.’
‘இருக்கட்டும்’ என்றார் அவரும்.

புறாவை எடுத்துவிட்டேன்.
இடது தோள் பக்கம் ஜன்னல் விளிம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது,
நீல பெயிண்ட், ஒரு ஆணித்தலை.
அழிக்க இரண்டு நிமிஷம் போதும்.
அழிக்கவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.
கீழே ‘இப்படிக்கு’ என்று போட்டு
மகள் தனக்கோடி, மருமகன், பேரப்பிள்ளைகள் என்று அடித்தபின்
‘மற்றும் உறவினர்கள்’ வரிக்கு
வழக்கத்தைவிடப் பெரிய எழுத்து வைத்தேன்.
ஆறுக்கு நாலு. எண்ணிக் கொடுத்தார், சில்லறையோடு.

சாயந்திரம் வண்ணாரப்பாளையத்தில்
கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.
கடல்காற்று உள்ளே புகுந்து
ஃபிளெக்ஸ் வயிறு உப்பி, அடங்கி, உப்பி.
கறுப்புக் கண்ணாடியோடு, ஒரு காலத்து ஹீரோ போல,
பாண்டி பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ரெண்டு பையன்கள் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.
‘அந்த அஞ்சாவது ஆளு யாருன்னு தெரிஞ்சுது.’
‘யாரு?’
பேரைச் சொன்னேன்.
‘அப்பா வழியா?’
‘ஆமா’ என்றேன்.