ஏ பக்கத்தில் கடைசிப் பாட்டு

மான்கள் படுத்திருக்கும் பஸ் ஸ்ராண்டுக்கு எதிரே
அண்ணனின் ரெக்கோடிங் பார்.
அவர் சாப்பிடப் போகும் மத்தியானங்களில்
நான்தான் அங்கே எல்லாம்.

சீனன்குடா மாவாலையில் வேலை முடிந்து
புருவத்தில் மா ஒட்டியபடி வந்தாய், தவநேசன்.
சிகரெட் பெட்டியின் உட்புறத்தில்
பன்னிரண்டு பாட்டு.
"வடிவா எழுதிக் குடுங்க,
மூதூருக்குப் போற கசெற்."

வடிவாகத்தான் எழுதினேன்,
நீலப் பேனையால், அடிமட்டம் வைத்து.
மூதூரில் ஒருத்தி
உன் காதலை
என் கையெழுத்தில் வாசித்திருப்பாள்.

இரட்டை டெக்கில் வேகமாய் இழுத்திருக்கலாம்.
இழுக்கவில்லை.
அறுபது நிமிடமும் கூடவே இருந்தேன்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை.
கரண்ட் இல்லாத வருசங்களில் வந்த படம்.
பாட்டுத்தான் தெரியும்:
முதலில் ஒற்றை வயலின், பிறகு அவன் குரல்.
மழைக்குள் நின்று பாடுகிறான் என்று நினைக்கிறேன்.
மூன்றாம் சரணத்தில்
எங்கிருந்தாலும் நன்றாக இரு என்று
அவளை வாழ்த்திவிட்டுப் போய்விடுவான்.
அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வரும்.

ஏ பக்கம் முப்பது நிமிடம்.
ஆறாவதாக அதை வைத்தால்
மூன்றாம் சரணத்துக்கு முன்னே ரேப் முடியும்.
தெரிந்தேதான் வைத்தேன்.
வாழ்த்தாமல் நிற்கட்டும் ஒருவன்
எங்காவது.

தையில், கடல் அடங்காத ஒரு நாள்
லோஞ்சால் இறங்கி நேரே வந்தாய்,
சட்டை முழுக்க உப்பு.
"திருப்பி அனுப்பிட்டாள்" என்றாய்.
கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.
"இதுக்கு மேல வேற ஏதும் அடிச்சுத் தாங்க.
பைலா எண்டாலும் பரவாயில்லை."

அட்டையை உருவி வெளியே எறிந்தாய்.
ஒரு கிழட்டு மான் எழும்பி வந்து
மணந்து பார்த்து
என் எழுத்தையும் உன் பன்னிரண்டு பாட்டையும்
ஆறுதலாகத் தின்றது.
நீ சிரித்தாய். நானும்.

கசெற்றைத் திருப்பிக் காட்டினேன்:
"பல்லு உடைச்சாச்சு. இனி இதில அடிக்கேலாது."
நம்பினாய்.
மேசையில் அப்படியே விட்டுவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய்.

உடைந்த பல்லின் குழியில்
ஒரு துண்டு செலோரேப் ஒட்டினால் போதும்,
எதன் மேலும் எதையும் பதியலாம்.
கடைக்கு வந்த முதல் நாளே
அண்ணன் சொல்லித் தந்தது அது.