நகச்சுற்று?

விண்ணப்பத் தாளில் அந்த ஒரு சொல், பக்கத்தில் கேள்விக்குறி.
வோகுர்கா. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், எழுபத்தொன்று.
இடது கட்டைவிரல் நுனி.
இரண்டு முறை கீறியிருக்கிறார்கள். சீழ் இல்லை,
ரத்தம்தான், நிற்காமல்.

பில்சனில் விடியும்வரை மழை.
கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் வைத்தேன்:
வெற்று அறைகள்.
சுவர் மட்டும் நிற்க, வரிசை வரிசையாய்,
யாரும் குடியேறாத கட்டடம் மாதிரி.
வெறுமையாய் இருக்கவில்லை அவை. உள்ளே கொழுப்பும் சர்க்கரையும்
வேண்டிய மட்டும் இருந்தன. சாராயத்தில் ஊறப்போட்டு
நாங்கள்தான் கழுவிவிட்டோம்.

விரலில் சிறுநீரகம்.

நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை
என்று மனப்பாடம் செய்தோம் கல்லூரியில்.
பெரும்பாலும் சொன்னபடி போகும்.
நாக்கிலும் பார்த்திருக்கிறேன்,
பல் குத்திய புண் என்று ஆறு மாதம் தைலம் தடவியிருந்தார்கள்.
ஓர் ஆசிரியைக்கு மூக்கில்,
வகுப்பில் விடைத்தாள்மேல் கொட்டிற்று.
கணையத்தில் ஒருத்திக்கு, இருபத்து மூன்று ஆண்டு கழித்து;
எந்தப் பக்கச் சிறுநீரகத்தை எடுத்தார்கள் என்பதே
அவளுக்கு மறந்திருந்தது,
தழும்பைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்.

நுரையீரலைக் கடக்காமல் விரலுக்கு வழி கிடையாது.
வோகுர்காவின் நுரையீரல் படத்தில்
ஒரு பொட்டுக்கூட இல்லை.

ப்ளஜேனா நிலவறைக்குப் போய்
பத்தொன்பது வருடத்து மெழுகுக் கட்டியோடு வந்தாள்,
ஸ்வெட்டர் முழுக்கத் தூசி.
பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி வைத்தேன்.
பிறகு எது எது என்று
சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

பழைய அறிக்கை:
கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. ஓரங்கள் சுத்தம்.
கீழே என் கையெழுத்து.
அந்தக் காலத்தில் கடைசி எழுத்துக்கு வால் போடுவேன்.

அந்த ஓரங்களை மறுபடி பார்த்தேன்.
இன்னொரு முறையும்.
சுத்தம்தான்.

அறுவை மருத்துவர் ஹினெக்கிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சனிக்கிழமை காளான் பறிக்கப் போகலாமா என்கிறார்.
கத்தி வலது கையில்தானாம்.
தண்டைப் பிடிக்கத்தான் கட்டைவிரல் வேண்டுமாம்."
கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், என்றேன்.
வேறென்ன சொல்ல.

அறிக்கை தட்டுகிறேன்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள இடைவெளிகளை எல்லாம்
என் இடது கட்டைவிரல்தான் அழுத்துகிறது.
இத்தனை வருடம் கவனித்ததில்லை.