முப்பத்தொன்றாம் தீர்மானம்

மார்ச் மாதச் சனிக்கிழமை, மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
பள்ளிக்கூட ஜிம்மில் மடக்கு நாற்காலிகள்.
ஈரக் காலணிகளில் உருகிய பனி
கூடைப்பந்துக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது.
நான் ஊர் எழுத்தர். தீர்மானங்களை வாசிப்பவள்,
தூக்கிய கைகளை எண்ணுபவள்.
எனக்கும் ஒரு கை உண்டு.

காகித ஆலை மூடிப் பதினாலு மாதம்.
புகைபோக்கி உச்சியில்
போன கோடையில் விராலடிப்பான் கட்டிய கூடு.
அதற்கு வரி இல்லை.
ஆலை கட்டிய பங்கை இனி யார் கட்டுவது?
அச்சிட்ட தாளில் அந்த வரி எங்கும் இல்லை.
எல்லோரும் அதைத்தான் தேடிப் படித்தார்கள்.

ஆர்மண்ட் வெல்லெட் எழுந்தார்.
ஆலையில் இருபத்தாறு வருஷம்,
இப்போது நாற்பது மைல் தள்ளிக் கிடங்கில் இரவு வேலை.
"சம்பளம் பாதியாச்சு. வீட்டு விலை பாதியாச்சு.
வரிச் சீட்டு மட்டும் ஏன் முழுசா வருது?"
யாரும் கைதட்டவில்லை.
யாரோ இருமினார்கள்.

இந்த ஆற்றில் ஒரு காலத்தில் மரம் மிதக்க விட்டோம்.
ஒவ்வொரு கட்டையையும் அளந்து
முனையில் முத்திரை குத்தி, பிறகுதான் தண்ணீர்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட்ட ஊர்.
நடுவில் எப்போதோ அளவுகோல் தொலைந்தது.
நாற்பது விளக்குக் கம்பம் நட்டோம்.
நீச்சல்குளத்துக்கு வரைபடம் வாங்கினோம், பதினோராயிரம் டாலர்.
குளம் வரவில்லை. வரைபடச் சுருள்
என் மேசைக்கடியில் கால் வைக்க உதவுகிறது.

ஏழு: புதிய பனிவாரி வண்டி வேண்டாம்,
பழையதற்கே இன்னொரு வெல்டிங். நிறைவேறியது.
பன்னிரண்டு: ஒன்றுவிட்டு ஒரு தெருவிளக்கை அணைப்பது.
"எந்த ஒன்று?" என்றாள் ஜூடித் தெரியோ,
நள்ளிரவில் பணி முடித்து நடந்து வருகிற செவிலி.
"என் வாசலில் இருக்கிறதா, அதற்கடுத்ததா?"
பதில் சொல்ல வேண்டியவர்கள் பக்கத்தைத் திருப்பினார்கள்.
அதுவும் நிறைவேறியது.
ஜூடித்தும் கை தூக்கினாள், முழங்கை மடங்கியபடி.
நூலகம் வாரம் மூன்று நாள் என்று முடிந்தது.
கதகதப்புக்காகவே அங்கே போய் உட்காருகிறவர்கள்
ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முப்பத்தொன்று.
"ஊர் எழுத்தரின் வேலை நேரம்
வாரம் முப்பத்தைந்து மணியிலிருந்து இருபத்திரண்டாக..."
என் வாயால்தான் வாசிக்க வேண்டும்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அழுக்கு இல்லை.
கைகள் எழுந்தன,
உறைந்த குளத்தில் நாணல் நிற்கிற மாதிரி.
என் மைத்துனர் கையும் அதில் இருந்தது.
கடைசியாக ஆர்மண்டின் கை.
நூற்றுப் பன்னிரண்டு.
இன்னொரு முறை எண்ணச் சொல்வார்களோ என்று நின்றேன்.
பிறகு என் கை. நூற்றுப் பதின்மூன்று.

தியாகம் என்று யாரும் சொல்லவேண்டாம்.
முந்தின வாரம் முழுக்க
வரி பாக்கிக்கு நோட்டீஸ் ஒட்டியவள் நான்.
எண்பத்துநான்கு உறை,
எல்லாம் தெரிந்த முகவரிகள்.
நாக்கில் பசையின் கசப்பு இரண்டு நாள் போகவில்லை.

வரி ஏறவில்லை அந்த வருஷம்.
பனிவாரி வண்டி இரண்டு முறை நின்றது.

அக்டோபரில் ஒரு வெள்ளி.
வெள்ளிக்கிழமை இப்போது அலுவலகம் இல்லை.
மறந்துபோன குடையை எடுக்க வந்திருந்தேன்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆர்மண்ட்,
கையில் உறை, உள்ளே இருபதும் பத்துமாக டாலர்.
"மூடியிருக்கு, தெரியும்.
திங்கள் கடைசி நாள். திங்கள் எனக்கு வேலை."
கணினியைப் போடாமல்
கையாலேயே ரசீது எழுதினேன்.
அவர் ரசீதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
"இந்த நேரத்தை எதுல எழுதுவீங்க?"
எதிலும் இல்லை என்றேன்.
தொப்பியைக் கழற்றி, திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.
எங்கள் வாசல் கம்பம் அணைக்கப்பட்ட பாதியில் ஒன்று.
அவர் வண்டியை நகர்த்தவில்லை,
நான் பூட்டித் துளாவிப் படியிறங்கும் வரை
முன்விளக்கை எரியவிட்டிருந்தார்.
பாட்டரி பழசு என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார்.