இரண்டாம் சுற்று

சிலிம் ரிவர் பூப்பந்து மண்டபத்தில்
வலையைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு
எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.
ஒன்பது பேர். எல்லோரும் வல்லுநர்களாம்.
டாக்டர் இஸ்ஸாத்தி அப்படித்தான் சொன்னார்,
சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

அழுங்கைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த ஊரில்
செம்பனை வெட்டுகிறார்கள், டுரியான் விற்கிறார்கள்,
லாரி ஓட்டுகிறார்கள்.
நான் ஆலையின் எடைப்பாலத்துக் கிராணி.
குலைகளுக்கு நடுவில் செத்து வந்தவற்றை
எடைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பதினாறு வருஷமாகக் குறித்து வருகிறேன்,
யாரும் கேட்காமல்.
அதனால் கூப்பிட்டார்கள்.

ஒரே கேள்வி: ஆற்றிலிருந்து ரயில் பாதை வரை
இன்னும் எத்தனை உயிரோடு?
குறைந்தது, கூடியது, உங்கள் மனசு சொல்வது,
அந்த மனசை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்.
பேச வேண்டாம். பெயர் வேண்டாம்.

பா லெகி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
ஆற்றுக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா?
அது நீந்துமே.
டாக்டர் தன் வரைபடத்தைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.

விடியுமுன் நிரைக்குள் நுழைகிற ரெஜாவுல்
போன மாதம் ஒன்றைக் கண்டானாம், வால்மேல் குட்டியோடு.
ஒன்றென்று எழுதவா, இரண்டென்றா?
பல் டாக்டர் விமலாதித்தன் கட்டிய மூன்று கேமராவில்
நாலு மாதமாகக் காட்டுப்பன்றி, காட்டுப்பன்றி,
அவருடைய சொந்த முழங்கால்.
ஆ சூன் நாற்பது என்று எழுதினார்,
எல்லோருக்கும் கேட்கும்படி.

தேநீருக்குப் பிறகு தாள்களைப் பலகையில் ஒட்டினார்கள்.
தினமும் அறுபது சீட்டில்
கையெழுத்து வாங்குகிறவளுக்குப் பெயர் எதற்கு?
இடப்பக்கம் சாய்ந்த அந்த இரட்டை ஒன்று
சன்னாசி அண்ணனுடையது.
குறைந்தது 11. கூடியது 11. மனசு 11.
நூற்றுக்கு நூறு.

மண்டபம் சிரித்தது.
இவ்வளவு உறுதியாக யாராலும் சொல்ல முடியாது
என்றார் டாக்டர், கனிவாக.
மீதி இவ்வளவு என்று ஒருவருக்குத் துல்லியமாகத் தெரிந்தால்
கழித்தவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அழுங்குப்பிடி என்கிறோம்.
அந்தப் பிடியையும் வளையிலிருந்து உருவுகிற கை
எனக்கு எதிரே மீகூனைக் கிளறிக்கொண்டிருந்தது.
கிலோ இத்தனை வெள்ளி என்று
லாரி வரிசையில் ஒருநாள் காதில் விழுந்திருக்கிறது.
அன்று நான் என்ன செய்தேன்?
மெஷினில் காகிதம் மாற்றினேன்.

என் பாலத்தின் சிற்றளவு இருபது கிலோ.
அதற்குக் கீழே எதுவும் எண்ணாகாது.
ஐந்து கிலோ உயிரொன்று
இருக்கைக்குப் பின்னால் கோணியில் சுருண்டிருந்தாலும்
நிறைவண்டி நிறைவண்டிதான்.

இரண்டாம் சுற்று அடுத்த சனிக்கிழமை.
மற்றவர் எண்ணைப் பார்த்த பின்
தன் எண்ணை மாற்றலாம், அதுதான் முறை என்றார்.
ஆறு என்றிருந்ததை அடித்துப் பதினொன்று ஆக்கினேன்.
நம்பிக்கை தொண்ணூறு.
யாரிடமிருந்து வந்த நம்பிக்கை என்று கேட்கத்
தாளில் கட்டம் இல்லை.
ஆ சூன் முப்பதுக்கு இறங்கி வந்தார், பெருந்தன்மையாக.
சன்னாசி அண்ணன் கடைசியாக எழுதினார்.
10. 10. 10.
நூற்றுக்கு நூறு.

நடுவெண் எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியது.
டாக்டர் முகம் தெளிந்தது.
யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினோம்.

திங்கள் காலை ஏழு பத்துக்கு
அவர் லாரி பாலத்தில் ஏறியது.
ஏன் பத்து, என்றேன் ஜன்னல் வழியே.
சாலையில் அடிபட்டதா என்றும் கேட்டேன்,
அவருக்கு ஒரு வழி விடுவதுபோல்.

"சீட்டக் குடும்மா.
பின்னால நாலு வண்டி நிக்குது."

பதினாறாயிரத்து நானூற்று இருபது.
கையெழுத்துப் போட்டார், இடப்பக்கம் சாய்த்து.
நான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.
எந்தத் தேதி போடுவது?